கல் மங்கினால், ஆடினால், விழுந்தால்: கலியாண வைர மோதிரத்துக்கு அறிகுறி பார்த்து வைத்தியம்

மட்டக்களப்பு நகரத்தில் ஒரு நகைக்கடையில், திருத்த வேலை வாங்கும் மேசையில் பதினொரு வருடமாக இருக்கிறேன். அறுந்த சங்கிலி, வளைந்த காப்பு, தாலிக்கொடிக்குக் கொக்கி என்று வருவதெல்லாம் வழமையான வேலை. இப்போது வைர மோதிரமும் கூடி வருகிறது. மாப்பிள்ளை கட்டாரில் இருந்து வாங்கி வந்தது, கனடாவில் இருந்து அக்கா அனுப்பியது, தேவாலயத்தில் மாற்றிக்கொண்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை.

நம் ஆட்களுக்குப் பொன்னைப் பற்றிச் சொல்லித்தரத் தேவையில்லை. கையில் தூக்கிப் பார்த்தே எத்தனை பவுண் என்று சொல்லும் கிழவிகள் இருக்கிறார்கள். வைரம் அப்படியில்லை. இரத்தினபுரியில் நீலக்கல் கிண்டி எடுக்கிற நாடுதான் இது, ஆனால் வைரம் இங்கே எடுப்பதில்லை. அதனால் இருபத்திரண்டு கரட் காப்பைப் பார்க்கிற மாதிரியே வைர மோதிரத்தையும் பார்க்கிறோம். பூந்திக்கொட்டையில் ஊறப்போட்டுத் தேய்த்தால் சரி என்ற நினைப்பு. பாதிச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஆரையம்பதியில் அப்பாவுக்கு வீட்டிலேயே பட்டறை. கல் பதித்த நகை எது வந்தாலும் கண்ணாடியை மாட்டிப் பார்ப்பதற்கு முன் காதருகே வைத்துக் கேட்பார். சின்ன வயதில் அது எனக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போது நானும் அதையேதான் செய்கிறேன். வைரம் லேசில் கெடுகிற சாமான் இல்லை. கெடுவது அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் பொன். ஆகவே முதலில் காது, பிறகு கண், கடைசியில்தான் தண்ணீர்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இது

மோதிரத்தைக் கழற்றுங்கள். கழற்றும்போது கல்லைப் பிடித்து இழுக்க வேண்டாம், வளையத்தைப் பிடியுங்கள். மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அதற்கு மேலே வைத்தே எல்லாம் செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, மோதிரத்தைக் காதுக்குப் பக்கத்தில் பிடித்து, மற்றக் கையின் சுட்டுவிரலால் வளையத்தை மெதுவாகத் தட்டுங்கள். மணலைத் தகரத்தில் போட்ட மாதிரி ஒரு சின்னக் கிறுகிறுப்புக் கேட்டால் கல் ஆடுகிறது என்று அர்த்தம். கேட்கவில்லையென்றால் ஒரு பல்லுக்குத்தியின் முனையால் கல்லைப் பக்கவாட்டில் மெல்லத் தொட்டுப் பாருங்கள். அசையக்கூடாது.

கல்லைச் சுற்றி நான்கோ ஆறோ சின்னக் கம்பிகள் வளைந்து பிடித்திருக்கும். இனி அவற்றை நகம் என்றே எழுதுகிறேன், ஏனென்றால் வேலையும் அதுதான். போன் கமராவில் கிட்டக் கொண்டுபோய், ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு நகத்தையும் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நுனி உருண்டையாக, கல்லோடு ஒட்டிப் படுத்திருக்க வேண்டும். தட்டையாகத் தேய்ந்திருந்தாலோ, நகத்துக்கும் கல்லுக்கும் இடையில் கறுப்புக் கோடாக இடைவெளி தெரிந்தாலோ கழுவுகிற பகுதியை இப்போதைக்கு மறந்துவிட்டு, ஆடுகிற கல்லைப் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

இதைச் செய்யாமல் கழுவப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு நானே சாட்சி. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு பெண் பிள்ளை கொண்டு வந்த மோதிரத்தை நேரே அல்ட்ராசொனிக் மெஷினில் போட்டேன். தண்ணீரை அதிரவைத்து அழுக்கை உதறுகிற பெட்டி அது. நடுக்கல்லைச் சுற்றிப் பொடிக்கற்கள் பதித்த மோதிரம். வெளியே எடுத்தபோது பொடிக்கல் இரண்டைக் காணவில்லை. கற்களை அதுவரை இறுக்கிப் பிடித்திருந்தது அழுக்குத்தான். அழுக்குப் போனது, கல்லும் போனது. பெட்டியின் அடித்தண்ணீரை வடியில் ஊற்றி ஒன்றைக் கண்டுபிடித்தேன். மற்றதற்கு என் சம்பளத்தில் கழித்தார்கள். அது நியாயம்தான்.

"கல் மங்கிப்போச்சு, கண்ணாடித் துண்டு மாதிரி இருக்கு"

அதிகம் வருகிற முறைப்பாடு இதுதான். போன மாதம் ஒரு மாமி வந்தார். மருமகள் போட்ட மோதிரம் அல்ல, அவருடையதே. வெள்ளி விழாவுக்கு மகன் வாங்கிக் கொடுத்தது.

"பிள்ள, இந்தக் கல்லு செத்துப் போச்சுப் போல. வாங்கக்குள்ள எப்பிடி மின்னிச்சு தெரியுமா?"

"கல்லு சாகாது மாமி. எண்ணெய் குடிச்சிருக்கு."

நம்பவில்லை. அவருக்கு முன்னாலேயே ஒரு கோப்பையில் ஊறப்போட்டேன். இருபது நிமிடம் கழித்துத் திருப்பிப் பிடித்து அடிப்பக்கத்தைப் பிரஷால் தட்டியபோது, ஆறிய குழம்பின் மேல் படியும் கொழுப்பு மாதிரி சாம்பல் வெள்ளையாக ஒரு படலம் கழன்று வந்தது. தேங்காய்ப்பால், தலைக்கு வைக்கிற எண்ணெய், கைக்குப் பூசுகிற கிரீம், திருநீறு எல்லாம் சேர்ந்த கலவை. மாமி அதைப் பார்த்து முகம் சுளித்தார். "இதோடயா நான் சோறு பிசைஞ்சு குடுத்தன்?"

நடப்பது இதுதான். வைரத்துக்குள் மேலால் போகிற வெளிச்சம் அடிப்பக்கத்துச் சாய்வுகளில் பட்டு, திரும்பி மேலேயே வர வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த முழு அகத்தெறிப்புத்தான். வைரத்தின் முறிவுச் சுட்டி, அதாவது வெளிச்சத்தை வளைக்கிற அளவு, 2.42. அவதிக் கோணம், அதாவது அதற்குமேல் சாய்ந்து பட்டால் வெளிச்சம் வெளியேற முடியாத எல்லை, ஏறக்குறைய 24 பாகை. இவ்வளவு சின்னக் கோணம் என்பதால் உள்ளே போன வெளிச்சம் வெளியேற வழியில்லாமல் பல தடவை பட்டுத் திரும்புகிறது, அதுதான் அந்த மினுக்கம். அடியில் எண்ணெய்ப்படலம் ஒட்டினால் வெளிச்சம் அதற்குள்ளால் கீழே ஒழுகிவிடும். மேல்பக்கத்தை எவ்வளவு துடைத்தாலும் பலனில்லாமல் போவது இதனால்தான்.

அதோடு வைரத்துக்கு எண்ணெய் என்றால் உயிர். தண்ணீர் ஒட்டாது, கொழுப்பு ஒட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே தென்னாபிரிக்காவின் கிம்பர்லிச் சுரங்கங்களில் இந்தக் குணத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்தினார்கள். கொழுப்புப் பூசிய மேசைக்கு மேலால் நசுக்கிய கல்லையும் தண்ணீரையும் ஓடவிட்டால் மற்றதெல்லாம் கழுவுப்பட்டுப் போக, வைரம் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். நம் குசினியும் அப்படியொரு மேசைதான்.

கழுவும் முறை:

1. தேத்தண்ணி குடிக்கக்கூடிய சூட்டில் ஒரு கோப்பைத் தண்ணீர். கொதிநீர் வேண்டாம். பாத்திரம் கழுவுகிற திரவம் மூன்று நான்கு துளி விட்டு மோதிரத்தைப் போடுங்கள்.
2. இருபது முதல் முப்பது நிமிடம் விடுங்கள். பொறுமை இல்லாமல் ஐந்து நிமிடத்தில் எடுத்துத் தேய்ப்பவர்களுக்குத்தான் பிறகு பற்பசை நினைவு வருகிறது.
3. குழந்தைகளுக்கான மெல்லிய பல் பிரஷால் அடிப்பக்கத்தில் இருந்து தேயுங்கள். வேலை முக்கால்வாசி கல்லின் கீழேதான்.
4. தேத்தண்ணி வடிக்குள் மோதிரத்தை வைத்துக் குழாயில் கழுவுங்கள். தண்ணீர் போகிற ஓட்டைக்கு மேலே வெறும் கையில் பிடித்துக் கழுவவே கூடாது.
5. பழைய பருத்திச் சேலைத் துண்டால் ஒற்றி எடுங்கள். துவாய் வேண்டாம், அதன் நூல் நகத்தில் மாட்டும்.

தினமும் சமைக்கிற கை என்றால் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை இது போதும்.

பற்பசை, சாம்பல், அப்பச்சோடா எதுவும் வேண்டாம். அவை வைரத்தை ஒன்றும் செய்யாது, ஆனால் அதைச் சுற்றியிருக்கிற பொன்னைக் கீறிவிடும். பூந்திக்கொட்டை கெடுதல் செய்யாது, ஆனால் அதன் சக்கை நகத்துக்கு அடியில் போய் இருந்துகொள்ளும். காப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கழுவியும் தெளியவில்லையா? கல்லின் ஓரத்தில் வெள்ளைப் பொருக்குத் தெரிந்தால் அது கிணற்றுத் தண்ணீரின் உப்பு. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற ஊர்களில் சவர்த்தண்ணீர்க் கிணறு புதுமை இல்லை. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வெள்ளை வினாகிரியில் பத்து நிமிடம் போட்டு, பிறகு போத்தல் தண்ணீரில் அலசினால் போய்விடும். மோதிரத்தில் முத்தோ மரகதமோ சேர்ந்திருந்தால் வினாகிரியைத் தொடவே வேண்டாம்.

அதற்கும் அசையாத மங்கல் என்றால் மூன்று காரணங்களில் ஒன்று. முதலாவது, அடிப்பக்கம் பொன்னால் மூடிய கட்டு. உள்ளே போன அழுக்கை வீட்டில் எடுக்க முடியாது, பட்டறை வேலை. இரண்டாவது, கல்லுக்குள் இருந்த வெடிப்பைக் கண்ணாடி போன்ற பொருளால் நிரப்பி விற்ற வைரம். சூடும் அதிர்வும் பட்டால் அந்த நிரப்பு கலங்கிவிடும். மூன்றாவது, அது வைரமே இல்லை. சேர்கோனியாக் கல், அதாவது கடைகளில் அமெரிக்கன் டயமண்ட் என்று சொல்வது, சில வருடப் பாவனையில் மேலெல்லாம் நுண்கீறல் விழுந்து ஓரங்கள் மழுங்கிவிடும். வைரத்தின் முகங்களின் விளிம்புகள் இருபது வருடம் கழித்தும் கத்தி மாதிரி இருக்கும். சந்தேகம் என்றால் கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் ஆய்வுகூடம் இருக்கிறது. சண்டை பிடிப்பதற்கு முன் அங்கே போங்கள்.

"தட்டினால் சத்தம் கேட்குது, கல் ஆடுது"

மோதிரத்தைப் போடாதீர்கள். கல்லைச் சுற்றி ஒட்டும் பொலித்தீன் தாளை இறுக்கிச் சுற்றி, சின்னப் பெட்டியில் வைத்துக் கொண்டு வாருங்கள். கைப்பைக்குள் சும்மா போட்டுக் கொண்டு வந்து, கடையில் வெறும் மோதிரத்தை எடுத்துக் காட்டியவர்கள் உண்டு.

வீட்டில் குறட்டால் நகத்தை அமுக்க வேண்டாம். வைரம் உலகத்திலேயே கடினம் என்பது கீறல் விஷயத்தில்தான். அடி விஷயத்தில் அது வேறு. வைரத்துக்குள் நான்கு திசையில் பிளவுத் தளங்கள் இருக்கின்றன, விறகில் நார் ஓடுகிற மாதிரி. அந்தத் திசையில் சரியாக ஒரு தட்டு விழுந்தால் ஓரம் சில்லாகப் பெயரும். குறட்டின் வாய் கல்லின் விளிம்பில் பட்டால் பத்தாயிரம் ரூபாய்க்குள் முடிய வேண்டிய வேலை புதுக்கல் வாங்குகிற வேலையாகிவிடும்.

சுப்பர் குளூவும் வேண்டாம். ஒட்டினால் இரண்டு நாள் நிற்கும், பிறகு அந்தப் பசை கல்லின் அடியில் மஞ்சளாகி, நாங்கள் அதைக் கரைத்து எடுத்த பிறகுதான் வேலையே தொடங்கலாம்.

பட்டறையில் செய்வது மூன்று விதம். நகம் முழுதாக இருந்து தளர்ந்திருந்தால் இறுக்கிவிடுவோம், கால் மணித்தியால வேலை. நுனி தேய்ந்திருந்தால் புதுப்பொன் வைத்து நுனி கட்ட வேண்டும். எல்லா நகமும் போய்விட்டால் கல்லைத் தாங்கும் தலையையே மாற்றுவதுதான் நல்லது. ஒன்றை மட்டும் கட்டிவிட்டு மூன்றை விடச் சொல்கிற வாடிக்கையாளர்களுக்கு நான் மறுத்துவிடுவேன். ஒரே நாளில் செய்த நகங்கள், ஒரே கையில் தேய்ந்தவை. ஒன்று போனால் மற்றவையும் வரிசையில் நிற்கின்றன.

"சேலையில் மாட்டுது, நூலை இழுக்குது"

நகம் ஒன்று எழும்பிவிட்டது. எது என்று கண்டுபிடிக்க ஒரு நைலோன் துணியை, அல்லது மருதமுனைக் கைத்தறிச் சேலையின் கிழிந்த பழந்துண்டு ஒன்றை, கல்லுக்கு மேலால் மெதுவாக நான்கு பக்கமும் இழுத்துப் பாருங்கள். எந்த மூலையில் பிடிக்கிறதோ அதுதான். படம் எடுத்து வைத்துக்கொண்டு வாருங்கள்.

மருதமுனையில் தறி நெய்கிற ஒரு தங்கச்சிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இதே வேலை. மோதிரத்தைப் போட்டுக்கொண்டே தறியில் இருப்பார். கடைசியில் நகமே இல்லாமல், கல்லைச் சுற்றி முழுவட்டமாகப் பொன் மூடுகிற கட்டுக்கு மாற்றிக் கொடுத்தோம். கல் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவர் இந்தப் பக்கம் வரவில்லை. தையல், தறி, மீன் வெட்டு, தாதி வேலை என்று கை எப்போதும் ஓடுகிறவர்களுக்கு ஆரம்பத்திலேயே அந்தக் கட்டை எடுக்கச் சொல்வேன்.

"கல்லைக் காணேல்ல"

அப்படியே நில்லுங்கள். கூட்டாதீர்கள், வீட்டில் யாரும் நடமாட விடாதீர்கள். கடைசியாகக் கல்லோடு பார்த்தது எப்போது என்று யோசியுங்கள். போனில் இருக்கும் படங்கள் இதற்கு உதவும், காலையில் எடுத்த ஒரு செல்பியில் கல் இருக்கும்.

இரவாகும்வரை காத்திருந்து விளக்கெல்லாம் அணையுங்கள். டோர்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடித்து, நீங்களும் குனிந்து தரை மட்டத்தில் பாருங்கள். நின்றுகொண்டு மேலிருந்து பார்த்தால் தெரியாத கல், பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு பொறியாகத் தெரியும். கால் கரட் எடையுள்ள வைரம் என்றால் ஏறக்குறைய நான்கு மில்லிமீற்றர்தான் அகலம். அரிசி ஒன்றைத் தேடுகிற மாதிரி.

கிடைக்கவில்லையென்றால் பிறகு கூட்டுங்கள், ஆனால் கூட்டிய தூசியை எறியாமல் வடியில் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்துத் தேடுங்கள். குசினித் தொட்டி என்றால் தண்ணீரை உடனே பூட்டிவிட்டு, அடியில் வளைந்த குழாயைக் கழற்றுங்கள். வைரம் தண்ணீரைவிட மூன்றரை மடங்கு அடர்த்தி, பெரும்பாலும் அந்த வளைவிலேயே தங்கியிருக்கும். துணி துவைத்த நாள் என்றால் தலையணை உறை, சட்டைப்பை, மெஷினின் பஞ்சு வடி. மா பிசைந்த நாள் என்றால் ரொட்டி சாப்பிட்டவர்கள் கவனம்.

கடலில் விழுந்ததென்றால் என்னிடம் மருந்து இல்லை. பாசிக்குடாவிலோ கல்லடியிலோ இறங்குவதற்கு முன் கழற்றி வீட்டில் வையுங்கள். தண்ணீரின் குளிரில் விரல் சுருங்கும், உப்புத்தண்ணீர் வழுக்கும், மோதிரம் தானாகவே போகும். கரையில் செருப்புக்குள் வைத்துவிட்டுப் போவதும் வேண்டாம்.

"வெள்ளையாக இருந்த மோதிரம் மஞ்சளிக்குது"

ஏமாற்று இல்லை, பயப்பட வேண்டாம். வெள்ளைப் பொன் என்பது பொன்னோடு நிக்கலோ பலேடியமோ கலந்தது, அதன் இயற்கை நிறம் கொஞ்சம் பழுப்பு. பளிச்சென்ற வெள்ளை வருவதற்கு மேலே ரோடியம் என்ற உலோகத்தை மெல்லிய பூச்சாகக் கொடுத்திருப்பார்கள். தினமும் போட்டால் ஒன்றிரண்டு வருடத்தில் உள்ளங்கைப் பக்கம் முதலில் தேயும். திரும்பவும் பூசலாம். கொழும்புக்கு அனுப்பித்தான் செய்வது என்று சொல்கிற கடைகள் இருக்கும், அப்படியென்றால் எத்தனை நாள் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

பூச்சைவிட நான் கவலைப்படுவது குளோரினைப் பற்றி. மாரி வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றுக்குக் குளோரின் போடும் நாட்களிலும், பிளீச் ஊற்றிக் குளியலறை கழுவும்போதும் மோதிரத்தைக் கழற்றுங்கள். குளோரின், கலப்புப் பொன்னின் உள்ளே போய் கண்ணுக்குத் தெரியாமல் வெடிக்க வைக்கும். பாதிக்கப்படுவது முக்கியமாக நகங்கள். ஒரு நாள் காலையில் நகம் முறிந்து கையில் வரும், ஏன் என்று யாருக்கும் தெரியாது.

"மஞ்சள் பொன்னில் வெள்ளித் திட்டு"

இது முந்தியதன் எதிர்ப்பக்கம், ஆனால் பாரதூரம். ஒரு கலியாணப் பெண்ணின் அம்மா, கடைக்காரர் வெள்ளியில் பொன் பூசி ஏமாற்றிவிட்டார் என்று அழுதுகொண்டு வந்தார். பெண்ணின் விரல்களைப் பார்த்தேன். முகம் வெளுக்க என்ன கிரீம் போடுகிறாய் என்று கேட்டேன். பிள்ளை அம்மாவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தது.

சில வெள்ளையாக்கும் கிரீம்களில் பாதரசம் இருக்கிறது. பொன்னும் பாதரசமும் சேர்ந்தால் வெள்ளி நிறத்தில் படிந்துவிடும். உடைந்த பழைய வெப்பமானியைத் தொட்டாலும் இதுதான் நடக்கும். தேய்த்துப் போகாது. அடுப்பில் காட்டிப் போக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பாதரச ஆவி நஞ்சு. பட்டறைக்குக் கொடுக்கும்போது காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள், நெருப்பு வைக்கிறவரும் மூச்சுவிடுகிற மனிதர்தான். மோதிரத்தைவிட முதலில் நிறுத்த வேண்டியது அந்தக் கிரீமை. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

மோதிரத்துக்குக் கீழே தோல் சிவந்து அரித்தால் அது வேறு கதை. முக்கால்வாசிப் பேருக்குச் சவர்க்காரமும் ஈரமும் உள்ளே தங்கியதால் வருவது. இரண்டு கிழமை கழற்றி வைத்தால் ஆறிவிடும். திரும்பப் போட்டதும் திரும்ப வந்தால் நிக்கல் ஒத்துக்கொள்ளவில்லை.

"கழற்ற முடியேல்ல"

வெயில், உப்பு கூடிய சாப்பாடு, பிள்ளை வயிற்றில் இருக்கும் மாதங்கள். விரல் வீங்கும். கையைத் தலைக்கு மேலே ஐந்து நிமிடம் தூக்கிப் பிடியுங்கள், பிறகு குளிர்ந்த தண்ணீரில் வைத்து, சவர்க்காரம் பூசி, இழுக்காமல் திருகித் திருகி எடுங்கள்.

அசையவில்லையென்றால் நூல். தையல் நூலின் ஒரு நுனியை மோதிரத்துக்கு அடியால் உள்ளங்கைப் பக்கம் செலுத்துங்கள். மற்ற நீளமான பகுதியை மோதிரத்தின் ஓரத்தில் இருந்து விரல் நுனியை நோக்கி, இடைவெளி விடாமல், மூட்டைத் தாண்டும்வரை இறுக்கமாகச் சுற்றுங்கள். இனி உள்ளங்கைப் பக்கம் இருக்கும் நுனியைப் பிடித்து, விரல் நுனிப் பக்கமாக மெதுவாகச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு வாருங்கள். நூல் அவிழ அவிழ மோதிரம் அதன் மேல் ஏறி வரும். பார்ப்பவர்களுக்கு மந்திரம் மாதிரி இருக்கும், நோவும் கொஞ்சம் இருக்கும்.

விரல் நீலம் பாய்ந்தாலோ, விறைத்தாலோ, காயம் இருந்தாலோ இதெல்லாம் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. வெட்டினால் வெட்டட்டும். வெட்டிய வளையத்தை நாங்கள் பொடி வைத்து ஊதி ஒட்டித் தருவோம், விரலை அப்படி ஒட்ட முடியாது.

எதிர்ச் சிக்கல், மோதிரம் கழல்வது. நூல் சுற்றி இறுக்கிப் போடுவது நம் அம்மாக்களின் வழக்கம், கலியாண வீடு முடியும்வரை தாங்கும், ஆனால் அந்த நூல் ஈரத்தையும் அழுக்கையும் வைத்துக்கொள்ளும். அளவைக் குறைக்கக் கொடுங்கள். மாலை நேரத்தில் விரலை அளந்து கொடுங்கள், காலையில் மெலிந்திருக்கும். சுற்றிவரக் கல் பதித்த மோதிரத்தின் அளவைப் பெரும்பாலும் மாற்ற முடியாது, வாங்கும்போதே பார்க்க வேண்டிய விஷயம் அது.

"திருத்தி வந்த பிறகுதான் பிரச்சினை"

இதை எழுதலாமா என்று யோசித்தேன், நானும் மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவள். எழுதுகிறேன்.

அளவு மாற்றிய பிறகு கல்லின் மேல் பால் ஊற்றிய மாதிரி வெள்ளைப் புகார் தெரிந்தால், நெருப்புப் பட்டிருக்கிறது. வைரம் கரிதான், காற்றில் போதிய சூடு கிடைத்தால் எரியும். 1772இல் லவோசியே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி பெரிய வில்லைகளால் சூரிய ஒளியைக் குவித்து வைரத்தை எரித்தே காட்டினார். அதனால் கல்லைக் கழற்றாமல் ஊதுகிற பத்தர், போரிக் அசிட்டை ஸ்பிரிட்டில் கரைத்துக் கல்லுக்குப் பூசிவிட்டுத்தான் நெருப்பை எடுப்பார். அதை மறந்தால் மேற்பரப்பு வெந்துவிடும். கழுவிப் போகாது, கல்லைத் திரும்பப் பட்டை தீட்ட வேண்டும், எடை கொஞ்சம் குறையும். கல்லில் நிரப்பிய வெடிப்பு இருந்தால் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டது உங்கள் பிழையாகிவிடும்.

மற்றது எல்லோரும் மனதுக்குள் கேட்டு, வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிற கேள்வி. இது என் கல்தானா? கேளுங்கள். கொடுப்பதற்கு முன் கடைக்கண்ணாடியில், பத்து மடங்கு பெரிதாக்கும் அந்தச் சின்னக் கண்ணாடியில், உங்கள் கல்லைக் காட்டச் சொல்லுங்கள். ஏறக்குறைய எல்லா வைரத்துக்குள்ளும் ஒரு புள்ளியோ கீற்றோ மச்சம் மாதிரி இருக்கும். அது எந்த நகத்துக்குப் பக்கத்தில் என்று பார்த்து, போனை அந்தக் கண்ணாடியில் வைத்தே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சான்றிதழோடு வாங்கிய சில கற்களின் இடுப்பு விளிம்பில் லேசரால் இலக்கம் எழுதியிருக்கும், அதையும் பாருங்கள். ரசீதில் மோதிரத்தின் மொத்த எடை, பொன்னின் கரட், கற்களின் எண்ணிக்கை மூன்றும் எழுதப்பட வேண்டும். "ஒரு கல்லு மோதிரம் 1" என்று மட்டும் எழுதினால் திருப்பிக் கொடுத்து முழுதாக எழுதச் சொல்லுங்கள்.

வாங்கும்போது பணத்தைக் கொடுப்பதற்கு முன் அதே மச்சத்தைத் தேடுங்கள். பிறகு கடையிலேயே, எல்லோருக்கும் முன்னால், மோதிரத்தைக் காதருகே வைத்துத் தட்டிப் பாருங்கள். சத்தம் வந்தால் மேசையில் வைத்துவிடுங்கள். நாங்கள் கோபிக்க மாட்டோம், அப்பா கோபித்ததில்லை.